செசி நம்பரைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்

எமது முசலிப் பகுதியில் ஒரு மாடு வாங்குவதென்றாலும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவோம். ஆனால் இலட்சக்கணக்கில் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ரயரையும் பெயின்ரையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். இந்தத் தவறை நானும் செய்தவன்தான்.

1990 இல் வெளியேற்றப்பட்ட நாங்கள், யுத்தம் முடிந்து ஊர் திரும்பிக் கடையைப் புதிதாகத் தொடங்கிய காலம் அது. 2012 இல் புத்தளத்தில் அறிமுகமான ஒருவரிடம் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். "நம்மட ஆள்தானே" என்று புத்தகத்தை மட்டும் பார்த்தேன். சில மாதங்களின் பின் வீதிச் சோதனை ஒன்றில் குட்டு வெளிப்பட்டது. புத்தகத்தில் 8 என்றிருந்த இடத்தில் செசியில் 3 இருந்தது. வண்டியும் போனது, பணமும் போனது. வழக்குக்கு அலைந்த நாட்களில் கடையும் பூட்டிக் கிடந்தது.

நம்பர் பிளேட்டை நான்கு ஆணியில் மாற்றிவிடலாம். செசி நம்பர் இரும்பில் அடிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் ஹேன்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில் தேடுங்கள். பல கார்களில் பொனட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் இருக்கும்.

இந்திய வண்டிகளில் இது 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. பூச்சியம், ஒன்று ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துக்கள் இதில் வருவதில்லை. வந்திருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். முதல் மூன்றும் தயாரித்தவரைச் சொல்லும்: எம்டி2 என்றால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்ஏ3 என்றால் மாருதி சுசுக்கி. பத்தாவது இடம் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும்: ஏ என்றால் 2010, பி என்றால் 2011, எஃப் என்றால் 2015. 2015 வண்டி என்று விலை சொல்பவரிடம் பத்தாவது எழுத்து சி ஆக இருந்தால், 2012 வண்டிக்கு 2015 இன் விலை கேட்கிறார் என்று பொருள்.

ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றில் என்இசட்இ121 போன்ற மாதிரிக் குறியீடும், ஒரு கோடும், தொடர் இலக்கமுமே இருக்கும். அந்த இலக்கத்தில் ஆண்டு இல்லை. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் முதற்பதிவு மாதம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இலக்கத்தின்மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். அராவிய தடம், ஆழம் மாறிய எழுத்து, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் விலகிவிடுங்கள். சரியாக இருந்தால் புத்தகத்திலுள்ள செசி, என்ஜின் இலக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் உள்ளதா என்றும் கவனியுங்கள். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு சரிபார்த்து, தாமதமின்றி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் வாங்கிய ஓப்பன் பேப்பரில் வருடக்கணக்கில் ஓடுவது ஆபத்து.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை நாமறிவோம். விலை ஏறும் இடத்தில் ஏமாற்றும் ஏறும்.

சோதித்துப் பார்த்தால் விற்பவர் மனம் நோவார் என்று கூச்சப்பட வேண்டாம். நேர்மையான வியாபாரி தானே பொனட்டைத் திறந்து காட்டுவார். கோபிப்பவரிடம் வாங்காமல் வருவதே இலாபம்.