இதையும் படியுங்கள்!

இணையத்தில் ஒரு கட்டுரையை முடித்ததும், கீழே இன்னொரு பந்திக்கு இலை போடுகிறார்கள். 'இதையும் படியுங்கள்', 'உங்களுக்குப் பிடிக்கலாம்!' சர்க்கரை நோய் பற்றிப் படித்தவருக்கு, அதே பத்திரிகையில் இன்சுலின் பற்றி வந்த பழைய கட்டுரையைக் காட்டினால் சந்தோஷம். நல்ல நூலகர் செய்கிற வேலை அது.

பக்கத்துப் பெட்டியில் என்ன? 'இந்தக் கிழங்கைத் தின்றால் சர்க்கரை ஓடிப் போகும்!' அதே அளவு படம், அதே எழுத்து. 'ஸ்பான்சர்டு' என்ற வார்த்தை மட்டும் எறும்பு சைஸில்.

அவுட்பிரெய்ன் 2006-லும், டபூலா 2007-லும் ஆரம்பித்த வியாபாரம். நீங்கள் க்ளிக் செய்தால் விளம்பரதாரர் காசு கொடுப்பார். அதில் ஒரு பங்கு பத்திரிகைக்கு. கேட்டால், 'வாசகரைத் தக்கவைத்துக்கொள்கிறோம்' என்பார்கள். எங்கே சார் தக்கவைக்கிறீர்கள்? வெளியே அனுப்பித்தானே காசு வாங்குகிறீர்கள்!

அமெரிக்காவின் 'ஸ்லேட்' 2016-லேயே இந்தப் பெட்டியைத் தூக்கிக் கடாசிவிட்டது. வருமானம் போகும் என்று தெரிந்தேதான்.

நம்மவர்கள் நாலு டாக்டரைக் கேட்டு, சரிபார்த்துக் கட்டுரை போடுகிறார்கள். அதன் காலடியிலேயே கிழங்குக் கடைக்கு இடம் விடுகிறார்கள். பத்திரிகையே சொல்லிவிட்டது என்று நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், ஆஸ்பத்திரி பில்லிலும் பங்கு எடுத்துக்கொள்வார்களா?