கேட்காதவருக்கு வலிக்காதா?

பேராவூரணி கடைத்தெருவில் இந்தப் பேச்சை எடுத்தால் பதில் தயாராக இருக்கும். "ஊமை, செவிடு, டமாரம்னு சொல்றதெல்லாம் ஒரு பாசத்துலதாங்க. அவனே சிரிச்சுக்கிட்டுத்தான் போறான். அவனுக்குக் கேக்கவா போவுது?" படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், 'வட்டார வழக்கு' என்று பெயர் மட்டும் சூட்டி. இந்த வாதத்தில் எதுவும் தேறாது.

கேட்காததால் வலிக்காது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். காது கேளாதவர் முகம் பார்த்தே வளர்ந்தவர். உதடு குவிவது, புருவம் ஏறுவது, சொன்னவர் பக்கத்து ஆளைப் பார்த்துக் கண் சிமிட்டுவது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவருக்குக் கேட்காவிட்டாலும் வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கிறது. தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர் "ஊமையன் வீடு எது?" என்று தெருமுனையில் விசாரிப்பது அம்மாவின் காதில் விழத்தான் செய்கிறது. அவர் சிரிக்கிறார் என்பதையும் சாட்சியாக வைக்கக் கூடாது. கூலி கொடுப்பவரே கேலி செய்யும்போது சிரிக்காமல் அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பாசம் என்ற வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த தேங்காய்க் களம் ஒன்றில் மட்டை உரிக்கிறவர் காது கேளாதவர். களத்தில் எல்லோருக்கும் அவர் ஒரு சைகை வைத்திருக்கிறார். முதலாளிக்கு மீசை முறுக்கு, லாரி டிரைவருக்கு மூக்குக்கண்ணாடி. 2018 நவம்பர் கஜா புயலைச் சொல்ல வேண்டுமானால் முழங்கையை ஊன்றி, ஐந்து விரலையும் மட்டை போல விரித்து ஆட்டி, ஆட்டி, சட்டென்று கையைத் தரையில் சாய்ப்பார். அதைப் பார்த்தால் விழுந்த மரங்களின் ஞாபகம் வராதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆயிரம் காய்க்கு என்ன கூலி என்ற பேரமும் விரல்களிலேயே முடிகிறது. அவருடைய மொழியில் பாதியைக் களமே கற்றுவைத்திருக்கிறது. ஆனாலும் அங்கே அவர் 'டமாரம்'தான்.

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட முடியாது. தோளைத் தொட வேண்டும், இல்லை கை வீசிக் காட்ட வேண்டும். அப்படியானால் 'டமாரம்' என்பது அவரைக் கூப்பிடும் பெயரே அல்ல. காது கேட்கிறவர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெயர். உரியவரிடம் போய்ச் சேராத இந்தப் பாசம் யாருக்காக?

"அவனும் என்னை மீசைன்னுதானே சொல்றான்" என்று முதலாளி கேட்கலாம். காது கேளாதோர் சமூகத்தில் ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. மச்சம், சுருட்டை முடி, நடை என எதை வைத்தும் அமையும். அது ஆயிரம் பேரில் ஒருவரைத் தனியே அடையாளம் காட்டுகிறது. 'செவிடு' என்பதோ ஆயிரம் பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. கேட்கிறவர்களைப் பற்றி அவர்களிடமும் கேலிச் சொல் இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சைகை மொழியில், கேட்கிறவர் என்பதற்கு வாயருகே ஆள்காட்டி விரலைச் சுழற்றுவார்கள். அதே சைகையை நெற்றியருகே காட்டினால், காது கேளாதவராக இருந்துகொண்டு கேட்கிறவர்போல யோசிக்கிறார் என்ற கண்டனம். ஆனால் அந்தக் கேலியால் கேட்கிற பிள்ளை ஒருவனுக்கும் பள்ளியில் இடம் மறுக்கப்படவில்லை.

அடுத்து ஊமைத்துரையைத் துணைக்கு அழைப்பார்கள். "வீரனையே அப்படித்தானே சொன்னோம்?" சொன்னோம்தான். அதனால் குமாரசாமி என்ற அவருடைய பெயர் எத்தனை பேர் நினைவில் மிஞ்சியது? 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பியவர். அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்றைப் பதிந்திருக்கிறார். ஊமைத்துரை இடது உள்ளங்கையில் துரும்புகளை அடுக்கி, இதுதான் வெள்ளைக்காரன் படை என்று காட்டுவாராம். நேரத்தையும் மற்றதையும் சைகையில் சொல்லிவிட்டு, வாயால் ஒரு சீற்ற ஒலியோடு மறு கையால் துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிவாராம். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு. ஒரு படைக்கே விளங்கிய பேச்சு அவருடையது. பெயரில் இருக்கும் மரியாதை முழுக்க 'துரை'யில்தான் இருக்கிறது.

காது கேட்காவிட்டால் ஊமைதான் என்ற நம்பிக்கையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான காது கேளாதவர்களுக்குக் குரல்வளையில் ஒரு குறையும் கிடையாது. காதில் விழாததால் பேச்சு பழகவில்லை, அவ்வளவுதான். சைகையை மொழியாக ஏற்காத பிடிவாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானம் போட்டது. 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அதை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. சைகை மொழிக்கும் முறையான கட்டமைப்பு உண்டு என்று வில்லியம் ஸ்டோக்கி 1960இலேயே காட்டிவிட்டார். இந்தியச் சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அவரை எந்த வாயால் ஊமை என்பது?

"பேச்சுக்கெல்லாமா சட்டம்?" என்றும் சலித்துக்கொள்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பலர் அறிய வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பழக்கதோஷத்தில் வாய் தவறுகிறவரைப் பிடிக்க வந்த சட்டம் அல்ல அது. ஆகவே அந்தப் பழக்கத்தை நாம்தான் மாற்றியாக வேண்டும். குறைபாட்டைக் குறிப்பிட்டே தீர வேண்டிய இடத்தில் 'காது கேளாதவர்' என்று சொல்லலாம். அவர்களுடைய சங்கங்களின் பெயர்ப் பலகையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மற்ற இடங்களில் பெயர் போதும். களத்துக் கணக்கு நோட்டில் கூலிக்கு நேராக அவருடைய பெயர் வாராவாரம் எழுதப்படுகிறது. கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்த பெயர்தான்.