மான் மேய்ந்த புஞ்சைக்கு யார் பொறுப்பு?

புரட்டாசியில் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிற பூமி நமது கரிசல் பூமி. குளத்தூரிலிருந்து விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வரை மானாவாரிப் புஞ்சைகளில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஆண்டுக்கு ஒரு வெள்ளாமைதான். நாலு இலை விட்ட உளுந்தில் ஒரே இரவில் மான் கூட்டம் இறங்கிவிட்டால் மறுபடி விதைக்க விதையும் இருக்காது, ஈரமும் இருக்காது.

நஷ்டம் பட்டாதாரருக்கு மட்டுமா? குத்தகைக்கு விதைத்தவருக்கும் நஷ்டம். களையெடுப்புக்கும் அறுப்புக்கும் கூலியை எதிர்பார்த்திருந்த பெண்களுக்கும் நஷ்டம். பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே ஊரில் இரண்டு குறுக்கம் விதைத்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நஷ்டம். ராத்திரி காவலுக்குப் படுத்துப் பாம்புக்கும் பனிக்கும் ஆளாகிறவரும் உழைப்பாளியே.

மான் மீது நமக்குப் பகை இல்லை. குருமலைக் காட்டில் வாழும் புள்ளிமானுக்குக் காட்டின் எல்லைக்கல் தெரியாது. புலியும் செந்நாயும் இல்லாத இந்த வறண்ட சீமையில் அதன் பெருக்கத்தை இயற்கை தடுப்பது குறைவு. கண்மாய்க் கரை, ஓடை, தரிசு எங்கும் மண்டிய சீமைக் கருவேலம் அதற்குப் பகல் மறைவு. கோடையில் காட்டில் தண்ணீர் வற்றினால் ஊரைத் தேடி வருகிறது. ரோட்டில் அடிபட்டும் நாய் கடித்தும் சாகிறது. மானும் அவதிப்படுகிறது, மனிதனும் அவதிப்படுகிறான்.

தனித்தனியாக இதைத் தீர்க்க முடியாது. வசதி படைத்தவர் கம்பிவேலி போட்டால், கூட்டம் அடுத்த ஏழையின் புஞ்சைக்குத் திரும்புகிறது. கள்ளத்தனமாக வேலியில் மின்சாரம் பாய்ச்சினால், விடிகாலையில் வேலைக்குப் போகும் மனித உயிரும் போகிறது. மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டுமென்று 2023-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. கண்ணி வைத்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாய்கிறது. அப்போது ஜெயிலுக்குப் போகிறவன் ஏழைதான்.

துப்பாக்கி மட்டும் போதுமா? பீகாரில் நீல்காய் மான்களைத் தீங்கு விலங்கு என்று அறிவித்து, 2016 ஜூனில் மொகாமாவில் வெளியூர் வேட்டைக்காரர்களைக் கொண்டு 200-க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார்கள். மத்திய மந்திரிகளே ஒருவர் மீது ஒருவர் பழி சொல்லி மோதிக்கொண்டார்கள். விவசாயிக்கு நிலையான காவல் எது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஸ்காட்லாந்தில் 1959-ல் சட்டம் இயற்றிச் செம்மான்களுக்கென்று ஒரு கமிஷன் அமைத்தார்கள். மான் கூட்டம் பல எஸ்டேட்டுகளில் நடமாடுவதால், அக்கம்பக்கத்தார் குழுவாகச் சேர்ந்து எண்ணி, எவ்வளவு தாங்கும் என்று பேசி முடிவெடுக்கும் முறையும் அங்கே உண்டு. முறை நல்லது. ஆனால் அந்தக் குழுக்களில் பெரும்பாலும் எஸ்டேட் முதலாளிகளின் கையே ஓங்கியிருக்கிறது. நமது ஊரில் உழைப்பவனின் கை ஓங்க வேண்டும்.

தமிழக சர்க்கார் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்தில் ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம்; அதற்கு அப்பால் காட்டிலாகா ஆட்களே சுடலாம். இதற்குக் கிராமக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், காட்டிலாகா ஊழியர் ஆகியோர் அதில் இருப்பார்கள். குத்தகை விவசாயி எங்கே? விவசாயத் தொழிலாளி எங்கே? அதே ஜனவரி 5-ம் தேதி தூத்துக்குடி உட்பட 28 ஜில்லாக்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமே முடிந்துபோனது! மேலும் இந்த முடிவு பன்றிக்குத்தான், மானுக்கு அல்ல.

இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. வனவிலங்குச் சேதத்தைப் பயிர் இன்ஷூரன்சில் சேர்க்கப்போவதாக மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரிப் பருவத்திலிருந்து இது அமல். எந்த விலங்கு, எந்த ஜில்லா என்ற பட்டியலைப் பழைய சேத விவரங்களைக் கொண்டு மாநில சர்க்கார் வெளியிட வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் படத்துடன் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லாத நஷ்டம் சர்க்கார் கணக்கில் நஷ்டமே அல்ல என்பதை உழைப்பாளி மக்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது. கிராமக் குழுவில் குத்தகை விவசாயிகளும், பெண்கள் உட்பட விவசாயத் தொழிலாளர்களும் இடம்பெற வேண்டும். மானையும் அதன் விசாரணையில் சேர்க்க வேண்டும். ஒரு கூட்டம் நடமாடும் ஊர்களெல்லாம் காட்டிலாகாவுடன் சேர்ந்து ஆண்டுதோறும் மான்களை எண்ண வேண்டும். காட்டுக்குள் கோடையில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்ப வேண்டும். புஞ்சை ஓரத்துச் சீமைக் கருவேலத்தைக் கூலி கொடுத்து வெட்ட வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் அதில் பிழைப்பு உண்டு. ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பொதுச் செலவில் வேலி வேண்டும். நஷ்ட ஈடு பட்டாவைப் பார்த்து அல்ல, விதைத்தவர் கையைப் பார்த்து வர வேண்டும். இன்ஷூரன்ஸ் பட்டியலில் மானும் நமது தாலுகாக்களும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் சங்கங்கள் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கட்டும். எந்த இரவு, எந்தப் புஞ்சை, எத்தனை குறுக்கம், எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதட்டும். படிக்கத் தெரிந்த ஆலைத் தொழிலாளி லீவு நாளில் அதற்குத் துணை நிற்கட்டும். அந்தக் கணக்கோடு தாலுகா ஆபீசுக்கும் காட்டிலாகாவுக்கும் ஊர் ஒன்றாகப் போகட்டும். தனியாகப் போனவனின் மனுவைப் போல் ஊரே கொண்டுபோகும் கணக்கை ஒதுக்கி வைத்துவிட முடியாது!