நீட் மார்க் ரெடி... ஃபைல் ரெடியா?

திருமுல்லைவாயலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்புகிறார்: "பாப்பாவை இப்பவே ரெஸ்யூம் ரெடி பண்ணச் சொல்லுண்ணே. ஆஸ்பத்திரியில வாலன்டியரா போனது, ஸ்கூல்ல லீடரா இருந்தது எல்லாம் எழுதணும். இங்க நம்ம பையனுக்கு அதான் கேக்குறாங்க."

சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரிதான். அமெரிக்காவில் முதலில் ஒரு டிகிரி முடிக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவக் கல்லூரி. அதற்கான ஏ.எம்.சி.ஏ.எஸ். எனும் பொது விண்ணப்பத்தில், மாணவர் செய்த வேலைகளையும் சேவைகளையும் எழுத 15 இடங்கள் வரை உண்டு. ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்தான், இடைவெளியும் கணக்கில் சேரும். அதில் மனதுக்கு மிக நெருக்கமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். அதைச் செதுக்குவதற்கே அங்கே பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே அந்த 15 கட்டங்கள் கிடையாது. 2017 முதல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீட் மதிப்பெண் ஒன்றுதான் தரவரிசை. வேலூர் சி.எம்.சி. ஒருகாலத்தில் தனியாக நுழைவுத்தேர்வு வைத்து, நேர்காணல் நடத்தி, கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் மனம் இருக்கிறதா என்று பார்த்து மாணவர்களை எடுத்துவந்தது. நீட் கட்டாயமானதும் அது நீதிமன்றத்துக்குப் போனது. 2017-ல் அங்கிருந்த 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரைத்தான் சேர்த்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பளித்துவிட்டது.

அப்படியென்றால் நம் பிள்ளைகள் எதையும் தயார் செய்ய வேண்டாமா? வேண்டும். ரெஸ்யூமுக்குப் பதில் இங்கே ஒரு ஃபைல். மார்க்கை அந்த ஃபைல் கூட்டாது. ஆனால், அந்த மார்க் எந்த வரிசையில் போய் நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒரே மார்க் பொதுப் பட்டியலில் சீட் கிடைக்காத இடத்திலும், இன்னொரு பட்டியலில் அரசுக் கல்லூரி கிடைக்கும் இடத்திலும் நிற்கலாம். நடுவில் இருப்பது ஒரே ஒரு தாள்தான்.

'கவர்மென்ட் ஸ்கூல்' என்றால் எது?

அந்தத் தாள்களில் முக்கியமானது, 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்று. நீட் வந்த முதல் மூன்று ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 சதவிகிதம் தரலாம் என்றது. அரசு 7.5 சதவிகிதம் என்று முடிவு செய்து, 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் அது காத்துக்கிடக்க, நீட் ரிசல்ட்டே வந்துவிட்டது. அக்டோபர் 29-ல் அரசு தனியாக ஓர் அரசாணையை வெளியிட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்தன. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் சிலர் சீட்டை விட்டுவிட்டுத் திரும்ப, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

இத்தனை பேர் போராடி வந்த சலுகை, ஒரு சின்னக் குழப்பத்தில் கைநழுவலாம். நம் பேச்சு வழக்கில் ஃபீஸ் குறைவாக வாங்கும் எல்லாப் பள்ளியும் 'கவர்மென்ட் ஸ்கூல்'தான். சட்டத்தில் அப்படி இல்லை. அரசுப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி போன்று மாநில அரசுத் துறைகள் நடத்துபவை மட்டுமே கணக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. ஆவடியில் நிறைய பிள்ளைகள் படிக்கும் கேந்திரிய வித்யாலயாவும் வராது. அது மத்திய அரசுப் பள்ளி.

இன்னொன்று, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மட்டும் அரசுப் பள்ளியில் படித்தால் போதாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடமும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர்ந்து எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நிறைய பேருக்குத் தெரியாத விலக்கு இது. அந்தப் பழைய பள்ளியில் சேர்ந்ததற்கான தாளை வீட்டில் யாராவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஆறிலிருந்து பத்து வரை பூந்தமல்லியில் ஓர் அரசுப் பள்ளி, அப்புறம் வீடு மாறி அம்பத்தூரில் ஓர் அரசுப் பள்ளி என்றால், ஏழு வருடங்களையும் காட்ட இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அதை ரிசல்ட் வந்த பிறகு மே, ஜூன் விடுமுறைக் காலத்தில் செய்வதைவிட, ப்ளஸ் டூ படிக்கும்போதே முடித்துவைப்பது நல்லது.

ஒரு இனிஷியல் செய்யும் வேலை

ஃபைலில் எத்தனை தாள் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கே.திவ்யா'. ஆதாரில் 'திவ்யா குமார்'. சாதிச் சான்றிதழில் 'திவ்யா கே', அதுவும் ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு 'ஹெச்' கூடுதலாக. வீட்டில் உள்ளவர்களுக்கு மூவரும் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

எல்லாவற்றுக்கும் தாய்ப் பத்திரம் மாதிரி இருப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அதில் உள்ள பெயர், அப்பா பெயர், பிறந்த தேதிதான் நீட் விண்ணப்பத்தில் ஏற வேண்டும். ஆகவே, திருத்தம் செய்ய நல்ல நேரம் பிள்ளை பத்தாவது படிக்கும்போதுதான். தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும்போது பள்ளியில் கேட்டுச் சரிபார்த்து, ஆதாரையும் அதற்கேற்ப மாற்றிவிட்டால், பிற்பாடு பாதி அலைச்சல் மிச்சம்.

இ-சேவை மையத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என எந்தச் சான்று கேட்டாலும் முதலில் 'கேன்' என்று ஒரு எண்ணை உருவாக்குவார்கள். அந்த எண்ணில் ஒருமுறை பதிவான பெயர்தான் அடுத்தடுத்த எல்லாச் சான்றிதழ்களிலும் வரும். அவசரத்தில் டைப் செய்த ஒரு தப்பு, நான்கு சான்றிதழ்களில் நான்கு தப்பாகிவிடும். 60 ரூபாய் கட்டி ரசீது வாங்கும் முன், "அண்ணே, ஸ்க்ரீனை கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்று கேட்டுப் படித்துப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். பின்னால் க்யூவில் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

சாதிச் சான்று ஒன்று போதாது

தமிழ்நாட்டின் 69 சதவிகித ஒதுக்கீட்டில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று பிரிவுகள். இதற்கு நாம் எல்லோரும் வைத்திருக்கும் மாநிலச் சான்றிதழ் போதும். அம்பத்தூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: 2018 வரை அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகுதான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. குழந்தையாக இருக்கும்போது வாங்கிய சான்றில் திருவள்ளூர் என்று இருக்கும். அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால், லேமினேஷன் செய்து எழுத்து மங்கிப்போன பழைய அட்டை என்றால், க்யூஆர் கோடு உள்ள புதிய இ-சான்றிதழாக வாங்கிவைப்பது வசதி.

சிக்கல், அகில இந்திய ஒதுக்கீட்டில்தான். நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளின் 15 சதவிகித இடங்களை டெல்லியில் உள்ள எம்.சி.சி. நிரப்புகிறது. 2021 முதல் அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவிகிதம் உண்டு. இங்கே பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்கள் அங்கே ஓ.பி.சி. ஆக வேண்டுமென்றால், சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும், 'கிரீமி லேயர்' இல்லை என்ற மத்திய அரசு வடிவச் சான்றிதழும் வேண்டும். மாநிலச் சான்று நிரந்தரமானது. இந்த ஓ.பி.சி. சான்று அப்படியல்ல, வருமானத்தைப் பார்த்துத் தருவது என்பதால் புதிதாக இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்கு வாங்கிய நினைவில் 'அதான் இருக்கே' என்று விட்டுவிடக் கூடாது.

முதல் பட்டதாரி சான்று வேறு வகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும். சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்கா பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது.

ஆவடிக்கு என்று சில கணக்கு

ஆவடியில் சி.ஆர்.பி.எஃப். முகாம், விமானப்படைத் தளம், டேங்க் ஃபேக்டரி, ராணுவ உடைத் தொழிற்சாலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், 'நாங்க டிஃபென்ஸ் கோட்டா' என்ற பேச்சு சாதாரணம். மாநிலக் கவுன்சலிங்கில் இருப்பது முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. முன்னாள் படைவீரர் என்றால் தரைப்படை, கடற்படை, விமானப்படை. சி.ஆர்.பி.எஃப். துணை ராணுவம், அதில் சேராது. ஃபேக்டரியில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியரும் சேர மாட்டார். தகுதி உள்ளவர்களுக்குச் சான்று தருவது முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இந்த இடங்கள் மிகக் குறைவு என்பதால் போட்டியும் கடுமை.

சி.ஆர்.பி.எஃப். குடும்பங்களுக்கு வேறொரு கவலை. அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆக ஆக, பிள்ளை ஆறும் ஏழும் ஜம்முவிலோ ராய்ப்பூரிலோ படித்திருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களை இருப்பிடச் சான்று பற்றிக் கேட்க மாட்டார்கள். இடையில் வெளி மாநிலம் போனவர்கள், தாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். இருப்பிடச் சான்றோடு அம்மா அப்பா படித்த சான்றிதழ், சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று பெற்றோரின் தாள்களும் ஃபைலுக்குள் வந்துவிடும். தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுக்க, ஊருக்குப் போய் வர வேண்டியும் இருக்கலாம்.

சித்தப்பா சொன்ன ரெஸ்யூமுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது விளையாட்டு ஒதுக்கீடு. எம்.பி.பி.எஸ்.ஸில் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து 7 இடங்கள்தான். பள்ளி ஸ்போர்ட்ஸ் டே கோப்பைகள் இங்கே உதவாது.

ஃபைலைக் கட்டும்போது

நீட் விண்ணப்பத்துக்கு எடுத்த அதே போட்டோவில் வெள்ளைப் பின்னணியோடு பத்து காப்பி கூடுதலாகப் போட்டு ஃபைலில் வைத்துவிடலாம். கவுன்சலிங்கிலும் அதே முகம்தான் வேண்டும். ஒவ்வொரு சான்றையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக ஸ்கேன் செய்து, எண்ணை மட்டும் போடாமல் என்ன சான்று என்று பெயரிட்டு, அம்மா போனிலும் அப்பா போனிலும் வைத்துக்கொண்டால், கடைசி நாள் இரவு 'அந்த ஃபோட்டோவை அனுப்பு' என்று தேட வேண்டாம். ஒரிஜினல் ஒரு ஃபைல், ஜெராக்ஸ் ஐந்து செட் இன்னொரு ஃபைல். இரண்டையும் கலக்கவே கூடாது.

ரிப்பீட்டர்கள் கவனிக்க வேண்டியது டி.சி. போன வருடம் சீட் கிடைக்காமல் பக்கத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி.யிலோ இன்ஜினீயரிங்கிலோ சேர்ந்திருப்பார்கள். ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் அந்தக் கல்லூரி ஆபீஸில் இருக்கும். 'இந்த மாணவரின் ஒரிஜினல்கள் எங்களிடம் உள்ளன' என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவைக்க வேண்டும். கவுன்சலிங் தேதி வந்த பிறகு போய் நின்றால், ஆபீஸ் கிளார்க் லீவில் இருக்கும் நாளாகத்தான் அது அமையும்.

கடைசியாக மொபைல் நம்பர். பிரவுஸிங் சென்டரில் விண்ணப்பித்த அவசரத்தில், கடைக்காரரின் இமெயிலையே கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., சீட் ஒதுக்கீட்டு அறிவிப்பு எல்லாம் அங்கேதான் போகும். வீட்டில் எப்போதும் ஆன் செய்திருக்கும் நம்பரைக் கொடுத்து, கவுன்சலிங் முடிகிற வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெயில் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில்.