ஆறு ரூபாய்க் குண்டு

முப்பது கிராம் ஈயம். காயலான் கடையில் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு ரூபாய் தேறும். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டமோ, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால்தான் கலெக்டருக்குச் சொல்லச் சொல்கிறது. ஆக, ஈய விலைக்குப் போட்டால் ஒரு பழைய துப்பாக்கிக் குண்டு சட்டத்தின் கண்ணிலேயே படாது!

ஆனால் ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் நின்று யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

1746 அக்டோபர் 24 (இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 4). ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் மகன் மஹ்ஃபூஸ் கான், சுமார் பத்தாயிரம் பேரோடு அடையாற்றின் சாந்தோம் பக்கத்துக் கரையில் நிற்கிறார். தெற்கே புதுச்சேரியிலிருந்து பாரதி என்ற பிரெஞ்சு தளபதி (நம்ம பாரதி இல்லீங்க, பெயர் பாரதிஸ் என்றும் எழுதுவார்கள், ஆள் சுவிஸ்காரர்) வருகிறார். கூட வந்தவர்கள் ஆயிரத்துக்குள். பீரங்கி கிடையாது. ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாகச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாப் படை சிதறியது. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படை பெரும்படையை வெல்லும் என்று இந்த நாட்டுக்குக் காட்டிய சண்டை இது. பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குப்பம் இருப்பது தென்கரை. தென்கரையில் குண்டு கிடைத்தால் நவாப் ஆட்கள் சுட்டதாக இருக்கலாம். வடகரையில் என்றால் பிரெஞ்சுக்காரர்களுடையதாக இருக்கலாம். எங்கே கடந்தார்கள் என்பதைக்கூட குண்டுகள் சிதறிக் கிடக்கும் விதம் சொல்லிவிடும். இங்கிலாந்தில் பாஸ்வொர்த் போர்க்களம் (1485) பல காலம் சொல்லப்பட்ட இடத்தில் இல்லை, தென்மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி என்று 2009-ல் கண்டுபிடித்தது இப்படித்தான். மெட்டல் டிடெக்டர், ஈயக் குண்டுகள், ஒரு வரைபடம்.

அந்த வரைபடம் இல்லாமல் பெட்டியில் போட்டு வைத்த குண்டு, வவுச்சர் இல்லாத செலவு மாதிரி. எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

என்ன குறிக்கவேண்டும்? இடம் (செல்போன் ஜி.பி.எஸ். போதும்), ஆழம், எடை, விட்டம், அளவுகோலோடு ஒரு போட்டோ. ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' குண்டு சுமார் 17.5 மி.மீ.; பிரெஞ்சுக் குண்டு அதைவிடச் சற்றுச் சின்னது. மோதி நசுங்கியிருந்தால் விட்டத்தை நம்பக்கூடாது. எடையை வைத்துத் திருப்பிக் கணக்கிடவேண்டும். மேலே படிந்த வெள்ளைப் பூச்சைத் தேய்க்கவே கூடாது. தொட்டபின் கையைக் கழுவணும், ஈயம் விஷம். பித்தளைத் தோட்டாவோடு கிடைத்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்வதே சரி.

இதில் ஒரு சிக்கல். மீன்வலையில் கட்டுவதும் ஈயம்தான்! ஓட்டை இருந்தால் வலைக்குண்டு என்று தள்ளிவிடலாம். ஓட்டை தேய்ந்து மூடியிருந்தால்? டிடெக்டர் வாங்கிய பொழுதுபோக்கு ஆசாமி திணறுவார். வலை கட்டும் ஒரு கிழவர் விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். இன்னொன்று, முகத்துவாரத்து மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பது. பொக்லைன் வைத்துத் தூர்வாரி வேறிடத்தில் கொட்டுவதும் உண்டு. எந்த மேடு இயற்கை, எது கொட்டியது என்று அறிந்தவர்களும் அந்தக் குப்பத்துக்காரர்களே.

டிடெக்டரையே தடை செய்யணும் என்பார்கள் சிலர். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் சரி, அங்கே தோண்டுவதே குற்றம். ஆனால் அலை வெளியே தள்ளிவிட்ட குண்டைத் தடைச்சட்டம் காப்பாற்றாது. அடுத்த அலையில் போய்விடும், இல்லை உருக்கப்பட்டு வலைக்கே திரும்பிவிடும். அதற்குள் எழுதி வைக்க ஒரு பேரேடு வேண்டும். அது எழும்பூர் மியூசியத்து அலமாரியில் பூட்டிக் கிடக்காமல், குப்பத்துக்குள்ளேயே, வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நகல் மட்டும் எழும்பூர் போகட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு சமையலறைத் தராசு. ஆரம்பிக்க இவ்வளவுதான் செலவு.