மாத்திரை சாப்பிடும்போது ஓடலாமா?



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி விட்ட நேரத்தில், ஒரு தாய் வாசலில் காத்திருந்தார். இளைய பிள்ளையை அழைத்துப் போக வந்தவர், கையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தையும் வைத்திருந்தார். மூத்த மகன் என் பழைய மாணவன். வயது இருபத்தாறு. செம்பனைக் குலை வெட்டுகிறான். மாலையில் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிப் பழகுவான். பட்டணத்தில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிப் பெயரும் கொடுத்திருந்தான்.

"சார், அவனுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல். கிளினிக்கில் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே குதிகாலுக்கு மேலே வலிக்கிறது என்கிறான். ஓடினால் சூடேறிச் சரியாகிவிடும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் பற்றி முன்பே படித்திருந்ததால் எனக்குத் திக்கென்றது. "அம்மா, இன்று அவன் ஓடவே கூடாது. அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போய்க் கால் வலியைச் சொல்லுங்கள்" என்று அனுப்பி வைத்தேன். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல் ஒன்று தட்டுப்படும். நாம் அதைக் குதிகால் நரம்பு என்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல; தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு அதுதான். கிரேக்கக் கதையில் வரும் அக்கிலீஸ் என்ற வீரனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அவன் உடம்பு முழுவதும் ஆயுதம் தீண்டாதாம். குதிகால் மட்டும் விதிவிலக்காம். நாம் ஓடும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் ஒவ்வொரு அடியிலும் இந்தக் கயிற்றின் மேல் விழுகிறது.

கயிறு நூலால் ஆனதுபோல் தசைநாண் கொலாஜன் என்னும் மெல்லிய இழைகளால் ஆனது. உழைக்கும்போது இழைகள் அங்கங்கே சிறிது நைந்து போவது இயற்கை. உடம்பு இரவும் பகலும் அதைப் பழுது பார்க்கிறது. ஆனால் ஃப்ளூரோகுயினோலோன் என்ற வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள், சிலருடைய உடம்பில், அந்த இழைகளை அரிக்கும் பொருளைக் கூட்டிவிடுகின்றன. பழுது பார்க்கும் வேலையையும் தடுக்கின்றன. குதிகால் கயிற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்கேதான் பெரும்பாலும் வலியும் வீக்கமும் வருகின்றன. சிலருக்குக் கயிறே அறுந்து போகிறது. தோள், கை ஆகியவற்றின் தசைநாண்களும் பாதிக்கப்படுவது உண்டு.

இந்த மாத்திரைகளை எப்படி அடையாளம் காண்பது? பெயரின் கடைசியைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்ஸாசின், லெவோஃப்ளாக்ஸாசின், ஆஃப்ளாக்ஸாசின், மாக்ஸிஃப்ளாக்ஸாசின் என்று எல்லாமே ஒரே மாதிரி முடியும். அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை இந்தக் குடும்பம் அல்ல. எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இது வெறும் வதந்தியும் அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2008-ஆம் ஆண்டில் இந்த மாத்திரைகளின் குறிப்புத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டுத் தசைநாண் எச்சரிக்கையை அச்சிட வைத்தார்கள். வேறு மருந்து இருக்கும்போது சாதாரணத் தொற்றுகளுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் அறிவுறுத்தினார்கள். ஐரோப்பாவிலும் 2018-இல் ஆராய்ந்து கட்டுப்பாடு விதித்தார்கள். ஆனாலும் கடுமையான சில தொற்றுகளுக்கு இவை உயிர் காக்கும் மருந்துகள். சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு எந்தக் கெடுதலும் நேர்வதில்லை. அப்படி நேரும் அந்தச் சிலரில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனாகிவிடக் கூடாது என்பதுதான் நம் கவலை.

யாருக்கு ஆபத்து அதிகம்? அறுபது வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே தசைநாண் வலி கண்டவர்கள், கடுமையாக உடலை வருத்துகிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை அந்த வகைதான். மூட்டு வலிக்கென்று விற்கும் சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்றதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே வீட்டில் யாராவது ஜாமு குடிக்கிறார்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கிளினிக்கிலேயே வாயைத் திறந்து பேசுங்கள். "நான் ஓடுகிறவன், குலை சுமக்கிறவன், இதற்கு மாற்று மருந்து உண்டா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இருந்தால் டாக்டரே மாற்றிக் கொடுப்பார். இல்லையென்றால் சொன்னபடி சாப்பிடுங்கள். வலி எதுவும் இல்லாதபோது பயத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாகக் கொன்ற கிருமி மீண்டும் தலைதூக்கும்.

இரண்டாவது, மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஓட்டம், மேடேறுவது, தாண்டிக் குதிப்பது, கயிறு தாண்டுவது எதுவும் வேண்டாம். சமதரையில் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல் இருந்தால் அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, மாத்திரை முடிந்த மறுநாளே பழைய வேகத்தில் ஓடாதீர்கள். வலி இரண்டே நாளில் தொடங்குவதும் உண்டு. மாத்திரை நின்று சில மாதம் கழித்து வருவதும் உண்டு. முதலில் நடை, பிறகு கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம், வலி இல்லை என்றால் தூரம், கடைசியில்தான் வேகம். இதற்கு ஒரு மாதமாவது எடுத்துக் கொள்ளுங்கள். டாக்டர் கூடுதலாகச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

நான்காவது, வலியோ வீக்கமோ கண்டால் அப்போதே ஓட்டத்தை நிறுத்தி, அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதோ, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதோ வேண்டாம். குதிகாலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, முன்காலை ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"ஓட்டத்தை நிறுத்தலாம், வேலையை நிறுத்த முடியுமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குலையைச் சுமந்து மேடேறுவதும் அந்தக் கயிற்றைத்தான் இழுக்கிறது. ஆகவே டாக்டரிடம் வேலையைப் பற்றியும் சொல்லி எம்.சி. அல்லது இலகுவான வேலைக்கான கடிதம் கேளுங்கள். அதை மண்டோரிடம் காட்டுங்கள். சில நாள் கூலி போவது வருத்தந்தான். ஆனால் கயிறு அறுந்தால் பல மாதக் கூலி போய்விடும்.

என் மாணவன் கதைக்கு வருகிறேன். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே மருந்தை மாற்றினார். ஓட்டம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையன் இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம். பந்தய நாளன்று, ஓட வேண்டியவன், சாலையோரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓடி வந்தவர்களுக்குத் தண்ணீர் நீட்டிக் கொண்டிருந்தான். இப்போது வலி இல்லை. மாலையில் அம்மாவோடு நடக்கிறான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். பந்தயம் அடுத்த ஆண்டும் வரும். நம்மைத் தாங்கும் கால் இரண்டே இரண்டுதான். இன்று வீட்டில் இருக்கும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.