ஜீரோ பார்த்துக்குங்க சார்!

'அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கில் ஏமாற்றுவார்களா?' என்று கேட்டிருக்கிறார், அடுத்த மாதம் கம்பெனி செலவில் டல்லஸ் போகப்போகிற வாசகர் ஒருவர்.

நியாயமான கவலை. நமக்குக் கிடைத்த பயிற்சி அப்படி. வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்ததும் பங்க் பையன், 'ஜீரோ பார்த்துக்குங்க சார்' என்பான். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, மீட்டரைப் பார்க்க வேண்டும். அதே சமயம் பார்த்து இன்னொருவன் வந்து, 'கேஷா, கார்டா சார்?' என்று கேட்பான். திரும்பிவிட்டால் போச்சு. ரவுண்டாக 500 ரூபாய்க்குப் போடச் சொல்லக் கூடாது, 520 என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா சொல்லிவைத்திருப்பார்.

இந்த வித்தைகள் டல்லஸில் அனேகமாக வீண். ஹோஸ் உங்கள் கையில்தான் இருக்கும். நீங்களே பிடித்து, நீங்களே நிரப்பி, நீங்களே தொங்கவிட வேண்டும். திரும்பிப் பார்க்க வைக்க அங்கே ஆளே கிடையாது. பம்ப்பில் எடை, அளவுத் துறையின் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்து 5 காலன் கேனில் பிடித்துப் பார்ப்பார். 6 கன அங்குலம் வரை கூடலாம், குறையலாம். அதாவது சுமார் 19 லிட்டருக்கு 98 மில்லி. நம் ஊரில் 5 லிட்டருக்கு 25 மில்லி. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அரை சதவிகிதம்தான்! (நம் ஊர் பங்க்கிலும் அந்த 5 லிட்டர் பாத்திரம் உண்டு. கேட்டால் அளந்து காட்ட வேண்டும். எத்தனை பேர் கேட்கிறோம்?)

எனவே அளவில் போவது கொஞ்சம். மற்றபடி உங்கள் டாலர் போவதெல்லாம் சட்டப்படி, எழுதிப் போட்டுவிட்டுத்தான் போகிறது. என்ன, எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

முதலில் பாஷை. பெட்ரோலை அங்கே 'காஸ்' என்பார்கள், சமையலுக்கு சம்பந்தமில்லை. விற்பது லிட்டரில் அல்ல, காலனில். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. பழைய டைரியின் கடைசிப் பக்கத்து அட்டவணையை வைத்து மைலேஜ் போட்டால் கார் கம்பெனி மேல் வீணாகச் சந்தேகம் வரும்.

அடுத்தது போர்டு. தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு 3.19 என்று எழுதியிருக்கும். ஆசையாக உள்ளே திருப்புவீர்கள். கார்டைப் போட்டால் பம்ப்பில் 3.29 என்று ஓடும். போர்டில் இருந்தது கேஷ் விலை. அந்த வார்த்தையும் அங்கே எழுதித்தான் இருந்தது, பூதக்கண்ணாடி கொண்டுவராதது நம் குற்றம். ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருவது சட்டம் ஒப்புக்கொண்ட விஷயம். 12 காலனுக்கு 1 டாலர் 20 சென்ட் வித்தியாசம். சில இடங்களில் டெபிட் கார்டைக் கேஷ் கணக்கில் சேர்ப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். ஹோஸை எடுக்கும் முன் பம்ப்பில் தெரிகிற விலையைப் படியுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய 'ஜீரோ' அங்கே அதுதான்.

அந்த 3.19-க்குப் பக்கத்தில் மேலே, கொசு மாதிரி ஒரு 9/10 உட்கார்ந்திருக்கும். பத்தில் ஒன்பது சென்ட்! அதாவது விலை 3.199. பாட்டா செருப்பு விலை 99.95 என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அரை சென்ட் நாணயத்தை அமெரிக்கா 1857-லேயே நிறுத்திவிட்டது. புழக்கத்துக்கு ஒரு சென்ட் அடிப்பதையும் 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். பங்க் போர்டில் மட்டும் பத்தில் ஒன்பது சாகவில்லை.

மூன்று பட்டன்கள் இருக்கும்: 87, 89, பிறகு 91 அல்லது 93. நம்மவர்களுக்கு 87 என்றால் ஏதோ ஜஸ்ட் பாஸ் போலவும், 93 என்றால் டிஸ்டிங்ஷன் போலவும் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு 87-ஐ அழுத்துங்கள். நம் ஊரில் பல வருஷம் விற்ற 91 ஆக்டேனும் அவர்களுடைய 87-ம் ஏறக்குறைய ஒரே சரக்கு, எண்ணும் முறைதான் வேறு. ஆக்டேன் என்பது இன்ஜினில் அகாலமாக வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் குணம். அது சத்து மாவு அல்ல. பெட்ரோல் மூடியின் உட்பக்கம் பிரீமியம் 'அவசியம்' என்று போட்டிருந்தால் போடுங்கள். 'சிபாரிசு' என்றுதான் இருந்தால் உங்கள் இஷ்டம். ஒன்றுமே இல்லையென்றால் பேசாமல் 87. தேவையில்லாத காரில் பிரீமியம் ஊற்றி அமெரிக்கர்களே ஒரு வருஷத்தில் 210 கோடி டாலர் வீணாக்கியதாக டிரிபிள் ஏ என்கிற மோட்டார் சங்கம் 2016-ல் கணக்குச் சொன்னது.

இனி, உண்மையிலேயே வயிற்றில் அடிக்கிற விஷயம்.

பம்ப்பில் கார்டைச் செருகும்போது நீங்கள் எவ்வளவு பிடிக்கப்போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. எனவே பேங்க்கிடம், 'இந்த ஆள் கணக்கில் இவ்வளவைப் பிடித்து வை' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தத் தொகை 175 டாலர் வரை இருக்கலாம். 2022-ல் விலை ஏறியபோது விசாவும் மாஸ்டர்கார்டும் 125-லிருந்து உயர்த்திய வரம்பு அது. நீங்கள் 20 டாலருக்குத்தான் பிடித்தீர்கள் என்றாலும் பேங்க் அதைச் சரிக்கட்டும் வரை மிச்சப் பணம் உங்களுடையது, ஆனால் தொட முடியாது. சில பேங்க்குகளில் சில மணி நேரம். சிலவற்றில் ஓரிரண்டு நாள்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. புதிதாகப் போய் இறங்கியவருக்கு யார் கிரெடிட் கார்டு தருவார்கள்? கடன் வாங்கிய சரித்திரம் இருந்தால்தான் அங்கே கடன் கிடைக்கும். ஆகவே கையில் இருப்பது டெபிட் கார்டு, அதில் முதல் மாதச் சம்பளத்தின் மிச்சம்.

எனக்குத் தெரிந்த மாயவரத்துப் பையனுக்குக் கணக்கில் 900 டாலர் இருந்தது. வாடகை 750-க்கு செக் கொடுத்திருந்தான். காலையில் ஆபீஸ் போகிற வழியில், பழைய கொரோலாவுக்கு 20 டாலர் பெட்ரோல். 880 இருக்கும், தாராளம் என்று அவன் கணக்கு. பேங்க்கின் கணக்கு வேறு. 175 போக மிச்சம் 725. அன்றே செக் வந்தது, திரும்பியது. பேங்க்குக்கு அபராதம் 35, வீட்டுக்காரருக்குத் தாமதக் கட்டணம் 50. ஆக, 20 டாலர் பெட்ரோலின் விலை 105 டாலர். இதில் யாரும் அவனை ஏமாற்றவில்லை. பம்ப்பில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பணத்தைவிட, 'செக் திரும்பின ஆள்' என்று அந்த வீட்டுக்காரர் பார்த்த பார்வைதான் ரொம்ப நாள் வலித்தது என்றான்.

இதற்கு வைத்தியம் ரொம்ப சுலபம். காரை நிறுத்திவிட்டு உள்ளே கடைக்குப் போங்கள். 'பம்ப் நம்பர் ஆறு, இருபது டாலர்' என்று கவுன்ட்டரில் முதலிலேயே கட்டுங்கள். போவது அந்த 20 மட்டுமே. 17-லேயே டாங்க் நிரம்பிவிட்டால், ரொக்கமாகக் கொடுத்த பாக்கி 3 டாலரைத் திரும்பப் போய்க் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், வரிசையில் நிற்கும் அமெரிக்கரும் அதற்காகத்தான் வந்திருப்பார். இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. வெளியே பம்ப் ஜிப் கோட் கேட்கும். மாம்பலம் பின்கோடு அதற்கு ஜீரணமாகாது.

வாடகைக் கார் எடுத்தால் இன்னொரு குழி. 'டாங்க் பெட்ரோலுக்கு இப்போதே பணம் கட்டிவிடுங்கள், காலியாகத் திருப்பினால் போதும்' என்று கவுன்ட்டரில் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். மிச்சம் வைத்தால் காசு திரும்பாது. காரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சரியாக ஏர்போர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிற சாமர்த்தியம் யாருக்கு உண்டு? வேண்டாம் என்று சொல்லி, நிரப்பித் திருப்புங்கள். நிரப்ப மறந்தால் பங்க் விலையைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கூடத் தீட்டுவார்கள். நிரப்புகிறேன் என்று ஏர்போர்ட் வாசலில் இருக்கும் கடைசி பங்க்கிலும் போடாதீர்கள். ஃப்ளைட்டுக்கு ஓடுகிறவன் பேரம் பேசமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். நாலைந்து மைல் முன்னாலேயே போட்டுவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் என்று தானாக நின்ற பிறகு, 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்துகிற பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிடுங்கள். சில பம்ப்புகளில் ஆவியை உறிஞ்சும் குழாய் உண்டு. நீங்கள் மேலே ஊற்றுவது அது வழியாக பங்க்கின் டாங்க்குக்கே திரும்பிப் போகலாம். மீட்டரில் ஏறியது ஏறியதுதான். காலை வேளையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் லாபம் என்று ரூம் மேட் சொல்வான். அது பூமிக்கடியில் இருக்கும் டாங்க், காலை மாலையெல்லாம் அதற்குத் தெரியாது. அவனைத் தூங்கவிடுங்கள், நீங்களும் தூங்குங்கள்.

நியூஜெர்சிக்கு மாற்றலானால் மட்டும் இதில் பாதியை மறந்துவிடலாம். அங்கே உங்கள் காருக்கு நீங்களே பெட்ரோல் போடுவது 1949-லிருந்து சட்டப்படி தப்பு. ஆள் வந்துதான் போடுவார், பல சமயம் நம் பக்கத்து ஆளாகவே இருப்பார். கண்ணாடியை இறக்கி, 'ரெகுலர், ஃபில் அப், கேஷ்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் விட்ட இடத்தில் காசு போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் அளவில் சந்தேகம் வந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் நம்பருக்கு போன் செய்யலாம். ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்களில் போனை எடுப்பவர் விவசாயத் துறை என்பார். ராங் நம்பர் என்று வைத்துவிடாதீர்கள். பெட்ரோல் அங்கே அவர்கள் டிபார்ட்மென்ட்தான்.